ஏழு நாளில் போகாத வலி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரில் அரைப்பக்கத்துக்கு ஒரு விளம்பரம் பார்த்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிற ஒரு அம்மா, பக்கத்திலேயே அதே அம்மா சிரித்துக்கொண்டு தண்ணீர்க் குடம் தூக்குகிறார், நடுவில் ஒரு எண்ணெய்ப் பாட்டில். 'ஏழே நாளில்' என்று சிவப்பு எழுத்து. எனக்கு இடுப்பு வலி வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த மாதிரி ஏழு நாளை நான் எத்தனை தடவை எண்ணியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. விளம்பரம் போட்டதற்காக உங்களைத் திட்டுவதற்கு மட்டும் இதை எழுதவில்லை (கொஞ்சம் திட்டவும் போகிறேன்). வலி முழுசாகப் போய்விடும் என்று காத்துக்கொண்டிருந்த வரைக்கும் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை, அந்தக் காத்திருப்பை விட்டபிறகுதான் உடம்பு தேற ஆரம்பித்தது. இதை முதல் வருஷமே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ பணமும் அழுகையும் மிச்சமாகியிருக்கும்.

நான் அம்மாப்பேட்டை. கல்யாணமாகி வந்த வீட்டில் ரெண்டு குழித்தறி, வெண்பட்டு வேட்டி நெய்கிற குடும்பம். வீட்டுக்காரர் ஒரு தறி, நான் ஒரு தறி. குழித்தறியில் உட்கார்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: குழியின் விளிம்பில் உட்கார்ந்து, ரெண்டு காலும் உள்ளே மிதியை மாற்றி மாற்றி மிதிக்க, ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்க, இன்னொரு கை பலகையை அடிக்க, கண் இழை அறுந்திருக்கிறதா என்று பாவு நூலிலேயே (நீளவாக்கில் கட்டியிருப்பது) இருக்க, முதுகு மட்டும் எதிலும் சாயாமல் முன்பக்கம் வளைந்தபடி நாளைக்கு எட்டு மணி நேரம். முகூர்த்த மாசம் என்றால் பத்து. நடுவில் எழுந்தால் அது சோறு வடிக்கவும் மாவாட்டவும். வலி ஆரம்பித்தது தறியில்கூட இல்லை. கிரைண்டர் கல்லைக் கழுவித் தூக்கி வைக்கும்போது இடுப்பில் ஒரு சுருக். அவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்கு இது சில வாரத்தில் தானாகவே சரியாகிவிடுமாம். எனக்கு ஆகவில்லை. மூன்று மாசத்துக்கு மேல் நின்றுவிட்டால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள், அந்தக் கணக்கில் என்னுடையது எப்போதோ சேர்ந்துவிட்டது.

சுளுக்கு எடுக்கிறவரிடம் போனேன். எண்ணெய், ஒத்தடம், ஊசி, எடை கட்டி இழுக்கிற வைத்தியம் பத்து நாள். என் பீரோவில் இடுப்பு பெல்ட் மூன்று இருக்கிறது, ஒன்று இன்னும் கவர்கூடப் பிரிக்கவில்லை. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பெல்ட்டும் வேண்டாம், இழுவையும் வேண்டாம், உடற்பயிற்சி செய்யச் சொல்லுங்கள் என்று அதில் இருக்கிறது. இதைப் படித்துச் சொன்னது என் மகள். அவள் மருந்தாளுநர் படிப்பு படித்து ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். பீரோவைத் திறந்து அந்த மூன்று பெல்ட்டையும் பார்த்து நாங்கள் ரெண்டு பேரும் சிரித்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

மாத்திரை விஷயத்தில் அவள் சிரிக்கவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமலே டைக்ளோஃபினாக் என்கிற வலி மாத்திரையை வாங்கி வாங்கி ரெண்டு வருஷம் விழுங்கியிருக்கிறேன், காலையில் ஒன்று ராத்திரி ஒன்று, வயிறு எரிந்தால் அதற்கு இன்னொரு மாத்திரை. "அம்மா, இந்த மருந்து போட்ட மாட்டைத் தின்னுதான் நம்ம ஊர்ல பிணந்தின்னிக் கழுகெல்லாம் கிட்னி போயி செத்துச்சு" என்றாள். நிஜம்தான், அதனால்தான் 2006-ல் மாட்டு வைத்தியத்தில் அதற்குத் தடை போட்டார்கள். மனுஷனுக்குக் கழுகுக்கு ஆனமாதிரி ஆகிவிடாது. ஆனால் வருஷக்கணக்கில் தின்றால் வயிற்றுப் புண்ணும் கிட்னித் தொந்தரவும் வர வாய்ப்பு உண்டு. டாக்டர் பார்த்து எழுதிக்கொடுத்த அளவுக்குச் சாப்பிடுவது வேறு, நான் சாப்பிட்டது வேறு.

இதற்கு நடுவில் ஒரு தனியார் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். நாலாவது, அஞ்சாவது எலும்புக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் தேய்ந்து பிதுங்கியிருக்கிறது, இனிமேல் குனியக்கூடாது, தரையில் உட்காரக்கூடாது, தறியை மறந்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் கால் விழுந்துவிடும் என்றார்கள். அந்தக் கவரை வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம், அவ்வளவு பயம். ஏழு மாசம் கட்டிலை விட்டு அதிகம் இறங்கவில்லை. ஏழு மாசம் கழித்துப் பார்த்தால் பாத்ரூம் வரைக்கும் நடந்தாலே தொடை நடுங்கியது. டிஸ்க் பாட்டுக்கு இருந்தது, சும்மா கிடந்து கிடந்து உடம்புதான் வற்றிப்போனது.

மகள் ஒரு ஆராய்ச்சியைத் தேடி எடுத்துக் காட்டினாள், 2015-ல் வந்தது. முதுகு வலியே இல்லாத மூவாயிரம் பேருக்கு மேல் எடுத்த ஸ்கேன்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஐம்பது வயதுக்காரர்களில் 100-க்கு 80 பேருக்கு டிஸ்க் தேய்மானம், 60 பேருக்குப் பிதுக்கம். ஒரு வலியும் கிடையாது அவர்களுக்கு! இருபது வயதுப் பிள்ளைகளிலேயே 37 பேருக்குத் தேய்மானம். தலைமுடி நரைக்கிற மாதிரி டிஸ்க்கும் நரைக்கிறது, அவ்வளவுதான் போல. அதற்காக ஸ்கேனே தேவையில்லை, ஆபரேஷனே தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. என் காலில் வலு குறையவில்லை, மரத்துப்போகவில்லை, அப்படிப்பட்டவளுக்கு அந்தக் கவரை வைத்து அத்தனை பயம் காட்டியிருக்க வேண்டாம் என்கிறேன்.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரி பிசியோதெரபிப் பிரிவில்தான் எனக்குப் புரிகிற மாதிரி ஒருத்தர் சொன்னார். "வீட்டுக்குக் காவலுக்கு நாய் வளக்கறீங்க. ஒருநா திருடன் வந்தான், குரைச்சுது, நல்லதுதான். திருடன் போயிட்டான், ஆனா நாய் பயந்துக்கிச்சு, இப்ப இலை விழுந்தாலும் குரைக்குது, பால்காரர் வந்தாலும் குரைக்குது. உங்க நரம்பு இப்ப அந்த நாய்தாம்மா. குரைக்கிறது நெசம், உங்க வலியும் நெசம், ஆனா ஒவ்வொரு தடவையும் உள்ள திருடன் இருக்கான்னு அர்த்தமில்ல." நாயை அடித்தால் இன்னும் குரைக்கும், பழக்கித்தான் அடக்கணும் என்றார். பழக்குவது என்றால் என்ன என்று கேட்டதற்கு, நடங்க என்றார். எவ்வளவு தூரம் என்றேன். "எவ்வளவு தூரம் நடந்தா வலி கூடலையோ அதுல பாதி."

எங்கள் தெருவிலிருந்து குமரகிரி மலைப்பக்கம் போகிற ரோட்டில் மின்கம்பங்களை எண்ண ஆரம்பித்தேன். முதல் வாரம் நாலு கம்பம், திரும்பி வர நாலு. ரெண்டாவது வாரம் அஞ்சு. இதெல்லாம் ஒரு நடையா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் அடிபட்டது இதில்தான். அஞ்சு கம்பம் என்றால் வலி இல்லாத நாளிலும் அஞ்சுதான், வலி இருக்கிற நாளிலும் (நடக்கவே முடியாத நாள் தவிர) அஞ்சுதான். கம்பம்தான் கணக்கு, வலி கணக்கில்லை. நாம் என்ன செய்கிறோம்? வலி இருந்தால் படுத்துக்கொள்கிறோம், ஒருநாள் கொஞ்சம் லேசாக இருந்தால் விட்டுப்போன வேலை எல்லாவற்றையும் அன்றைக்கே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறோம். ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு முந்தின வாரம் எனக்கு உடம்பு நன்றாக இருந்தது. வீடு முழுக்க ஒட்டடை அடித்து, கழுவிவிட்டு, பாத்திரமெல்லாம் இறக்கித் தேய்த்து, சாயந்திரம் பத்துக் கம்பமும் நடந்துவிட்டு வந்தேன். அம்மனைப் பார்க்கப் போகவே முடியவில்லை, நாலு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அந்த நாலு நாளில்தான் தெரிந்தது, என்னைக் கெடுப்பது கெட்ட நாள்கள் இல்லை, நல்ல நாள்களில் நான் ஆடுகிற ஆட்டம்தான்.

அதிலிருந்து போனில் அலாரம். இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அடிக்கும். தறியில் இருந்தாலும் சரி, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாலும் சரி, எழுந்து முற்றத்தை ரெண்டு சுற்று வந்து கையைத் தூக்கி இறக்கிவிட்டுத்தான் மறுபடி உட்காருவேன். வீட்டுக்காரர் முதலில் முறைத்தார். "இப்படி எந்திரிச்சு எந்திரிச்சுப் போனா வேட்டி என்னைக்கு முடியறது" என்றார். ஒரு மாசத்துக்குப் பிறகு பார்த்தால், படுத்துக்கிடக்கிற நாள் குறைந்ததால் மொத்தத்தில் வேட்டி கூடத்தான் முடிந்திருந்தது. இப்போது அலாரம் அடித்தால் அவரும் எழுந்துகொள்கிறார்.

நடைக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள், 2024-ல் வெளிவந்தது. இடுப்பு வலி வந்து தேறிய 701 பேர். கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டச் சொல்லித் தந்தவர்களுக்கு மறுபடி வலி வர 208 நாள் ஆனதாம், சொல்லித் தராதவர்களுக்கு 112 நாள். செருப்பைத் தவிர ஒரு செலவு கிடையாது. இதை எந்தக் கம்பெனி அரைப்பக்கம் விளம்பரம் போடும்?

சரி, தியானத்துக்கு வருகிறேன். இதை எழுதினால் பாதிப் பேர் படிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று தெரியும், நானும் அந்த ரகம்தான். என் நாத்தனார் தியானமும் எளிய உடற்பயிற்சியும் சொல்லித்தருகிற மனவளக்கலை மன்றத்துக்குப் போகிறவர், எதற்கெடுத்தாலும் 'வாழ்க வளமுடன்' என்பார், எனக்குச் சிரிப்பாக வரும். அவர்தான் இழுத்துக்கொண்டு போனார். போனபிறகு தெரிந்தது, அதை ஆரம்பித்த வேதாத்திரி மகரிஷியும் நெசவுக் குடும்பம்தான், 1911-ல் கூடுவாஞ்சேரியில் பிறந்தவர். தறிக்காரர் உண்டாக்கிய பயிற்சி என்றதும் மனசு கொஞ்சம் இளகிவிட்டது, மறைப்பானேன். கை, கால், மூச்சு, கண் என்று ஒன்றொன்றாக, வேகமில்லாமல், ஒன்றையும் மடக்கி முறிக்காமல் செய்கிற பயிற்சிகள், படுத்துச் செய்கிற மகராசனம், கடைசியில் உடல் தளர்த்தல். மகராசனத்தில் எனக்கு முதலில் ஒரு பக்கம் திரும்பவே முடியவில்லை. முடிகிற அளவு போதும், பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காதீர்கள் என்றார் சொல்லிக்கொடுத்த அம்மா. தவத்துக்கு (தியானத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) சம்மணம் போட முடியாது என்றேன், நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

முதல் நாள் ஒரு பலனும் இல்லை. கண்ணை மூடினால் வலி இன்னும் சத்தமாகக் கேட்டது. பத்துப் பதினஞ்சு நாள் கழித்து ஒரு சாயந்திரம், தறிக்கூடத்தில் பாயில் படுத்துக்கொண்டு உடல் தளர்த்தல் செய்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுத் தறி டக் டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. கால் கட்டைவிரலிலிருந்து ஒவ்வொரு உறுப்பாக நினைத்துக்கொண்டு மேலே வர வேண்டும். பாதம், கெண்டைக்கால், முட்டி, தொடை. இடுப்புக்கு வந்ததும் வழக்கம்போல உடம்பு இறுகியது, பல்லைக் கடித்தேன். கடிக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. நூல் சிக்கு விழுந்தால் நாங்கள் இழுக்க மாட்டோம், இழுத்தால் இறுகும். விரலால் தளர்த்திவிட்டு எந்த இழை எங்கே போகிறது என்று பார்ப்போம். அதே மாதிரி பார்த்தேன். ஒரே கட்டியாக இருக்கிறது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்த வலியில் ஒரு இழை சூடு, ஒரு இழை இழுப்பு, அது வலதுபக்கம் மட்டும், அதுவும் மூச்சை விடும்போது குறைகிறது. மிச்சமெல்லாம் வேறு. முகூர்த்தத்துக்குள் வேட்டி முடியுமா, ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்களோ, என்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்கிற இழைகள். பாதிக்குமேல் அதுதான் இருந்தது. வலி போகவில்லை. எழுந்து காபி போட்டபோதும் இருந்தது. ஆனால் அன்றைக்கு ராத்திரி தூங்கினேன்.

இது சாமியார் சமாசாரம் இல்லை என்பதற்கு மகள் நிறையச் சொன்னாள். 1979-லேயே அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் என்பவர், டாக்டர்கள் கைவிட்ட நாள்பட்ட வலிக்காரர்களை வைத்து எட்டு வாரப் பயிற்சி ஆரம்பித்திருக்கிறார். அதில் காலிலிருந்து தலைவரை கவனித்துக்கொண்டே வருகிற பயிற்சி முக்கியம், நாங்கள் பாயில் படுத்துச் செய்வதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. விபாசனா என்கிற தியானத்தைச் சொல்லித்தந்த கோயங்காவே தீராத ஒற்றைத் தலைவலிக்காகத்தான் முதலில் பர்மாவில் தியானத்துக்குப் போனவர். 2016-ல் வந்த ஒரு ஆராய்ச்சியில் 342 இடுப்பு வலிக்காரர்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். தியானப் பயிற்சி எடுத்தவர்களில் ஆறு மாசம் கழித்து 100-க்கு 60 பேருக்கு நடமாட்டத்தில் நல்ல முன்னேற்றம், வழக்கமான வைத்தியம் மட்டும் பார்த்தவர்களில் 44 பேருக்கு. இதில் ரெண்டு விஷயத்தைக் கவனியுங்கள். பதினாறு பேர் அதிகம், அது சின்ன விஷயம் இல்லை. மிச்சம் நாற்பது பேருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். யாருக்காவது தியானம் ஒத்துவரவில்லை என்றால் அவர்கள் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தமில்லை.

இதனால்தான் எனக்கு ரெண்டு கூட்டத்தின் மேல் கோபம். ஒன்று, 'எல்லாம் மனசுதான் காரணம், நல்லதையே நினை, வலியே இருக்காது' என்கிறவர்கள். கிரைண்டர் கல்லை ஒருநாள் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். இன்னொன்று, தியானம் செய்தால் மாத்திரையை எல்லாம் குப்பையில் போட்டுவிடலாம் என்கிறவர்கள். நான் இன்னமும் ரொம்ப முடியாத நாளில் டாக்டர் எழுதிய மாத்திரை போட்டுக்கொள்கிறேன், வெட்கப்படவில்லை. இடுப்பு வலியோடு ஒண்ணுக்கு, ரெண்டுக்கு அடக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, காலில் வலு குறைந்தாலோ, காய்ச்சலோ காரணமில்லாத மெலிவோ சேர்ந்து வந்தாலோ, விழுந்து அடிபட்ட பிறகு வலித்தாலோ பாயையும் வேண்டாம் மன்றத்தையும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

போன மாசம் ஏற்காட்டில் தங்கச்சி பேத்திக்குக் காதுகுத்து. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை. முன்பெல்லாம் அந்தப் பலகையைப் பார்த்தாலே இன்னும் எத்தனை இருக்கிறது என்று வயிறு கலங்கும். இந்தத் தடவை ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சை விட்டுத் தோளைத் தளர்த்திக்கொண்டே போனேன். பதிமூணாவது வளைவில் நன்றாகவே வலித்தது. இறங்கியதும் நேராக விசேஷ வீட்டுக்குப் போய் உட்காரவில்லை, ஏரிக்கரையில் பத்து நிமிஷம் நடந்துவிட்டுத்தான் போனேன். எல்லாரும் உன்னை எங்கே காணோம் என்று தேடியிருக்கிறார்கள்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள், முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. என்னை மாதிரி பாதி நடக்கிறவர்களுக்கும் ஏதாவது வேண்டும். அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, குகை மாதிரி தறிக்காரர்கள் நிறைந்த இடங்களிலும், கொலுசு வேலை செய்கிற செவ்வாய்ப்பேட்டைப் பக்கமும் (அவர்கள் நாள் முழுக்கக் கழுத்தைக் குனிந்தே பற்றவைக்கிறார்கள்) நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒருநாள் பிசியோதெரபிஸ்ட் உட்கார்ந்து பத்துப் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது என்பது எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தாலும் காலை வேளையில் தறியை விட்டுவிட்டு யார் போவார்கள்? சாயந்திரம் வையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. ஆம்பிளைகள் தியானத்தில் உட்கார்ந்தால் வீடே டிவியைக் குறைக்கிறது. நான் கண்ணை மூடிப் படுத்தால், தூங்கிவிட்டேன் என்று நினைத்துச் சர்க்கரை டப்பா எங்கே என்று எழுப்புவார்கள். மருமகள்தான் கடைசியில் தறிக்கூடக் கதவைச் சாத்தி வெளியே பேத்தியை உட்கார வைத்தாள். அந்த இருபது நிமிஷம் யாரும் வாங்கித் தராமல் எத்தனையோ பெண்களுக்கு ஒரு பயிற்சியும் நிலைக்கவில்லை என்பதை மன்றத்திலேயே பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அற்புத மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியாததில்லை. விளம்பரம் இல்லாமல் பேப்பர் ஓடாது என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பாட்டிலுக்கு அரைப்பக்கம் கொடுத்தால், அதற்கு அடுத்த பக்கத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டை எழுத வைத்து ஒரு பத்தியாவது கொடுங்கள். என் மாதிரி ஒருத்தி அதை மூன்றாவது பெல்ட் வாங்குவதற்கு முன்னால் படித்துவிட்டால் நல்லது.

இன்றைக்குப் பதினேழு கம்பம் நடக்கிறேன். குமரகிரி படி இன்னும் ஏறவில்லை, முதல் பத்துப் படி ஏறி இறங்கியிருக்கிறேன். தறியில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். வலி இருக்கிறது, இதை எழுதும்போதும் இருக்கிறது. இந்தக் கடிதத்தை நாலு தவணையாக எழுதினேன், அதனால்தான் அங்கங்கே விட்டு விட்டுப் போயிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாவது தடவையாக அலாரம் அடிக்கிறது, எழுந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி ஒருத்தி,
அம்மாப்பேட்டை, சேலம்.